பால், தயிர், மோர், நெய்: நம்ம ஊர் அடுக்களையில் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் பாலை அளந்து, கொழுப்புப் பார்த்து வாங்குவது என் வேலை. பால் ஊற்ற வருகிறவர்கள், சில்லறைக்கு வாங்கிப் போகிறவர்கள், கல்யாண வீட்டில் பார்க்கிற சொந்தக்காரர்கள் என்று எல்லாரும் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்டபடியே கேள்வியை வைத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். திரிந்துபோன பால் சாக்கடைக்குப் போவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. அதனால் அந்த விஷயம் மட்டும் இதில் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

"அக்கா, பாக்கெட்டுல நீலம், பச்சை, ஆரஞ்சுன்னு இருக்கே, இதுல எதுதான் நல்ல பாலு?"

எல்லாமே நல்ல பால்தான். வித்தியாசம் கொழுப்பில். ஆவினில் நீலம் 3 சதவீதம், பச்சை 4.5, ஆரஞ்சு 6 என்பது பலருக்கும் பழகின கணக்கு. வேறு கம்பெனி என்றால் நிறமும் மாறும். அதனால் நிறத்தை விட்டுவிட்டு, பாக்கெட்டில் கொழுப்பு எவ்வளவு என்று அச்சடித்திருப்பதைப் பாருங்கள். பக்கத்தில் 'கொழுப்பற்ற திடப்பொருள்' 8.5 அல்லது 9 சதவீதம் என்று இருக்கும். புரதம், பால் சர்க்கரை, சுண்ணாம்புச் சத்து எல்லாம் அதில் அடக்கம். கொழுப்பு குறைந்த பாலில் சத்தே இல்லை என்பது சரியல்ல.

மோருக்கும் வயசானவர்கள் குடிக்கவும் 3 சதவீதமே போதும். காபிக்கு 4.5 நன்றாக இருக்கும். பாயசம், பால்கோவா, பன்னீர் என்றால் 6 சதவீதப் பாலை வாங்குங்கள். அதில் கஞ்சத்தனம் பார்த்தால் அடுப்பு எரிகிற செலவுதான் கூடும்.

"பசும்பாலு நல்லதா, எருமைப்பாலு நல்லதா?"

பசும்பாலில் கொழுப்பு பொதுவாக 3.5 முதல் 4.5 சதவீதம். எருமைப்பாலில் 6 முதல் 8 வரை போகும், புரதமும் கூடுதல். தயிர் கட்டியாக உறையவும், டீ திக்காக இருக்கவும் எருமைப்பாலுக்கு ஈடு கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கும் செரிமானம் மந்தமானவர்களுக்கும் பசும்பால் லேசாக இருக்கும்.

பசும்பாலும் பசுநெய்யும் மஞ்சளாகத் தெரிவது தீவனத்தில் இருந்து வரும் பீட்டா கரோட்டினால். எருமை அதை உடம்பிலேயே வைட்டமின் 'ஏ'யாக மாற்றிவிடுவதால் அதன் பாலும் நெய்யும் வெள்ளையாக இருக்கும். வெள்ளை நெய்யைப் பார்த்ததும் டால்டா கலந்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

"பாக்கெட் பாலைக் காய்ச்சித்தான தாராங்க, நம்ம திரும்பவும் காய்ச்சணுமா?"

பாக்கெட் பால் பாஸ்சரைஸ் செய்தது. அதாவது 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி வைத்து, உடனே குளிர்வித்தது. நோய் தரும் கிருமிகள் அதில் செத்துப்போகும். பாலைப் புளிக்க வைக்கும் கிருமிகளில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். பண்ணையில் இருந்து வீடு வரை குளிர்ச்சி விடாமல் வந்தால் காய்ச்சாமலேயே குடிக்கலாம். ஆனால் நம்ம ஊர் வெயிலில், கடை வாசலில் டப்பா டப்பாவாக இறக்கி வைத்திருக்கும் பாலுக்கு அந்த நம்பிக்கை வைக்க முடியாது. ஒருமுறை பொங்க வைத்து, ஆறினதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காபிக்கு ஒருதரம், பிள்ளைக்கு ஒருதரம் என்று மொத்தப் பாலையும் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் பி வைட்டமின்கள் குறைந்துகொண்டே போகும். வேண்டிய அளவை மட்டும் தனியே எடுத்துச் சுட வையுங்கள்.

மாட்டில் கறந்த பால் என்றால் பேச்சே இல்லை, கட்டாயம் காய்ச்ச வேண்டும். பச்சைப் பாலில் காசநோய்க் கிருமியும், புரூசெல்லோசிஸ் என்ற காய்ச்சலைக் கொண்டுவரும் கிருமியும் இருக்கலாம். நன்றாக வளர்த்த மாடு, சுத்தமான தொழுவம் என்பதெல்லாம் அதற்குப் பதில் ஆகாது.

"காலையில மோந்து பாத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. அடுப்புல வச்சதும் திரிஞ்சு போச்சே, ஏன்?"

இந்தப் பதிலைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பின்னால் பல இடத்தில் இதுதான் கைகொடுக்கும். பாலில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு கேசின். அது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளாக, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மிதக்கிறது. புளிப்பு ஏற ஏற அந்தத் தள்ளல் குறைந்து, உருண்டைகள் ஒட்டிக்கொள்ளும். புளிப்பைக் காட்டுகிற எண் பி.எச்., புளிப்பு ஏற ஏற அது இறங்கும். புதுப் பாலில் அது 6.6 முதல் 6.8 வரை. சாதாரணச் சூட்டில் அது 4.6 வரைக்கும் இறங்கினால்தான் கேசின் முழுக்கத் திரளும். கொதிக்கிற சூட்டில் அவ்வளவு புளிப்பு வேண்டியதில்லை, கொஞ்சம் ஏறினாலே போதும். நாக்குக்கும் மூக்குக்கும் தெரியாத புளிப்பு அடுப்புக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே, பால் திரிகிற இடத்தில் எல்லாம் இரண்டைத் தேடுங்கள்: புளிப்பு எங்கே இருந்து வந்தது, சூடு எவ்வளவு இருந்தது. கழுவியும் ஓரத்தில் பழைய பால் ஒட்டியிருக்கிற பாத்திரம், தயிர்க் கரண்டியை அலசாமல் போட்டது, கரண்ட் போய் ஃபிரிட்ஜ் ஓடாத ராத்திரி, இவைதான் வழக்கமான காரணங்கள்.

திரிந்த பாலில் கெட்ட வாடையும் கசப்பும் இல்லை என்றால் கொட்ட வேண்டாம். இன்னும் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு முழுக்கத் திரளவிட்டு, துணியில் வடித்தால் பன்னீர். வடிந்த தண்ணீரில் புரதமும் இருக்கிறது, அதில் சப்பாத்தி மாவு பிசையுங்கள். சர்க்கரை, ஏலக்காய் போட்டுச் சுண்ட வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வீடுகளும் உண்டு. வாடை மாறியிருந்தால் மட்டும் ஆசைப்படாமல் கொட்டிவிடுங்கள்.

"பால்காரரு தண்ணி ஊத்தியிருக்காரான்னு வீட்டுல எப்படிக் கண்டுபிடிக்கது?"

சாய்வாகப் பிடித்த வழுவழுப்பான தட்டில் ஒரு சொட்டு விடுங்கள். நல்ல பால் மெதுவாக இறங்கும், பின்னால் வெள்ளைத் தடம் விடும். தண்ணீர் கலந்தது தடம் இல்லாமல் சட்டென்று ஓடிவிடும். மாவு கலந்ததா என்று பார்க்க, கொஞ்சம் பாலைக் காய்ச்சி ஆறவிட்டு அயோடின் டிங்சர் இரண்டு சொட்டு விட்டால் நீலமாகும். சோப்புத்தூள் சந்தேகம் என்றால் பாலும் தண்ணீரும் சம அளவு சேர்த்துக் குலுக்குங்கள், நுரை கெட்டியாக நிற்கும். பாலின் அடர்த்தியை அளக்கிற பால்மானியில் நல்ல பாலுக்கு ஏறக்குறைய 28 முதல் 32 வரை காட்டும். அதை மட்டும் நம்ப முடியாது. தண்ணீரோடு சர்க்கரையோ பால்பவுடரோ சேர்த்தால் பால்மானி ஏமாந்துபோகும். சங்கத்தில் கொழுப்பையும் சேர்த்துப் பார்ப்பது அதனால்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். பால் தண்ணியாக இருந்தாலே கலப்படம் என்று முடிவு கட்டாதீர்கள். கன்று போட்டு எத்தனை மாதம், என்ன தீவனம், காலைக் கறவையா மாலைக் கறவையா என்பதைப் பொறுத்து ஒரே மாட்டுப் பாலே மாறும். நெல்லையப்பர் கோவில் தலவரலாறு, அரண்மனைக்குப் பால் சுமந்த ராமக்கோன் மூங்கில் காட்டில் கல் தடுக்கிப் பாலைச் சிந்தியதில் இருந்துதான் ஆரம்பிக்கிறது. பால் சுமக்கிறவர்களுக்கு இந்த ஊரில் அப்படி ஒரு மரியாதை இருக்கிறது. சோதித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் பேசுங்கள்.

"மைனி, உங்க வீட்டுத் தயிரு மட்டும் எப்படிக் கட்டியா இருக்கு? எங்களுக்குத் தண்ணியாவே நிக்குது."

மூன்று இடத்தில் கவனம் வேண்டும். முதலில் காய்ச்சுவது. பொங்கினதும் அடுப்பை அணைக்காமல், சிறு தீயில் இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். கேசின் தவிர மிச்சம் இருக்கும் புரதங்கள் அந்தச் சூட்டில் விரிந்து கேசினோடு ஒட்டிக்கொள்ளும். தயிர் கட்டியாக நிற்பதும், தண்ணீர் விடாமல் இருப்பதும் அதனால்தான். பாக்கெட் பாலை லேசாகச் சுட வைத்து உறை ஊற்றுகிறவர்களுக்குத் தயிர் தளதளவென்று ஆடுவதற்கும் இதுதான் காரணம்.

இரண்டாவது சூடு. உறைக் கிருமிகளுக்குப் பிடித்தது 40 முதல் 45 டிகிரி. சுண்டுவிரலை உள்ளே விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், ஆனால் விரலை எடுக்கத் தோன்றாது, அந்தப் பதம். அதைவிடச் சூடாக இருந்தால் உறைமோர் செத்துப்போகும், ஆறிப்போனால் தூங்கிவிடும். மூன்றாவது உறைமோரின் அளவு. அரை லிட்டருக்கு ஒரு சிறு கரண்டி போதும். நிறைய ஊற்றினால் சீக்கிரம் உறையும், ஆனால் புளிக்கும், தண்ணீரும் விடும். ஒருதரம் நன்றாகக் கலந்துவிட்டு, உறையும் வரை அசைக்கக் கூடாது.

சித்திரை வைகாசியில் நாலைந்து மணி நேரத்தில் உறைந்துவிடும். தென்காசிப் பக்கம் சாரல் அடிக்கிற நாளிலும் மார்கழியிலும் எட்டு மணி நேரம்கூட ஆகும். அப்போது பாத்திரத்தைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வையுங்கள். மண்சட்டியில் ஊற்றினால் கூடுதல் தண்ணீரைச் சட்டி குடித்துக்கொள்ளும், தயிரை வெட்டி எடுக்கலாம். உறைந்த உடனே குளிரில் வைப்பதும் முக்கியம். இல்லை என்றால் புளிப்பு ஏறிக்கொண்டே போகும்.

"உறைமோரே இல்ல, என்ன செய்ய?"

பக்கத்து வீட்டில் கேளுங்கள், அதுதான் நல்ல வழி. கிடைக்கவில்லை என்றால் பச்சைமிளகாய்க் காம்பு நாலைந்தை வெதுவெதுப்பான பாலில் போட்டு வையுங்கள். காம்பில் இருக்கும் புளிப்புக் கிருமிகளே உறைய வைக்கும். நேரம் ரொம்ப ஆகும், முதல் தயிர் சுமாராகத்தான் இருக்கும். அதை உறையாக வைத்து இரண்டாவது தடவை ஊற்றினால் நன்றாக வரும்.

"தயிரு நூல் நூலா, வழுவழுன்னு வருது. கெட்டுப்போச்சா?"

பெரும்பாலும் உறைமோரில் வேறு கிருமி சேர்ந்துவிட்டது, அல்லது பால் சூடு போதாமல் மெதுவாக உறைந்தது. வாடை மாறாவிட்டால் ஆபத்து இல்லை, சாப்பிட நன்றாக இருக்காது, அவ்வளவுதான். அந்தத் தயிரை மறுபடி உறைக்கு எடுக்காதீர்கள். பாத்திரத்தைக் கொதிநீர் ஊற்றிக் கழுவிவிட்டு, வேறு வீட்டு உறைமோரில் புதிதாகத் தொடங்குங்கள். மேலே நிறம் நிறமாகப் பூசணம் பிடித்திருந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும், மேலே வழித்துவிட்டுச் சாப்பிடக் கூடாது.

"மோர்க்குழம்பு கொதிச்சதும் தண்ணி தனியா, திப்பி தனியா நிக்குதே?"

பால் திரிவது பற்றிச் சொன்ன அதே கணக்குதான். மோரில் புளிப்பு ஏற்கனவே முழுக்க இருக்கிறது, நாம் சூட்டை வேறு கொடுக்கிறோம். அந்த இரண்டுக்கும் நடுவில் மாவுச்சத்து வந்தால் புரதம் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் தாங்கிக்கொள்ளும். தேங்காய், சீரகம், பச்சைமிளகாயோடு ஊறவைத்த துவரம்பருப்போ பச்சரிசியோ ஒரு கரண்டி சேர்த்து அரைப்பது ருசிக்காக மட்டும் இல்லை, இதற்காகவும்தான்.

தடியங்காயோ (வெண்பூசணி) வெண்டைக்காயோ தனியாக வெந்து, அரைத்த விழுதும் பச்சை வாடை போகக் கொதித்த பிறகு தீயைக் குறையுங்கள். தயிரைக் கட்டி இல்லாமல் கடைந்து, ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த குளிர் போன பிறகு ஊற்றுங்கள். ஓரத்தில் நுரை கட்டி வரும்போதே இறக்கிவிட வேண்டும், தளதளவென்று கொதிக்கவே விடக் கூடாது. தேங்காய் எண்ணெயில் கடுகு, வெந்தயம், வத்தல், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி உடனே மூடாமல் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். ரொம்பப் புளித்த தயிர் என்றால் அதில் குழம்பே வைக்காதீர்கள். மோர்மிளகாய் போடுவதற்கு அது அருமையாக இருக்கும்.

"சொதிக்குத் தேங்காய்ப்பால் எடுக்க நேரமில்ல. பசும்பாலை ஊத்திரலாமா?"

வேண்டாம். சொதி தேங்காய்ப்பாலில் வைக்கிற குழம்பு, அதில் கடைசியாக எலுமிச்சை பிழிகிறோம். பசும்பால் அந்தச் சூட்டில் உடனே திரிந்துவிடும். அதைவிட முக்கியம், மறுவீட்டுச் சாப்பாட்டில் இஞ்சிப் பச்சடியோடு சொதி பரிமாறுகிறார்கள் என்றால் எல்லாரும் எதிர்பார்ப்பது தேங்காய்ப்பாலின் இனிப்பைத்தான். மாட்டுப்பால் அதைத் தராது. நேரம் இல்லை என்றால் அன்றைக்கு வேறு குழம்பு வைத்துவிடுங்கள். தேங்காய்ப்பாலும் கொதித்தால் பிரியும். முதல் பால் ஊற்றி நுரை கட்டினதும் இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு எலுமிச்சை.

"நம்ம ஊரு அல்வாவுல பாலு சேக்காங்களான்னு வெளியூருக்காரங்க கேக்காங்க."

மாட்டுப்பால் கிடையாது. சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பிழிந்து எடுக்கிற கோதுமைப் பால்தான் அதில் போகிறது. அதோடு சர்க்கரையும் நெய்யும். ஆகவே திருநெல்வேலி அல்வாவில் மாட்டிடமிருந்து வருவது நெய் ஒன்றுதான், ஆனால் அது ஏராளம். பால் ஆகாதவர்களில் பலருக்கு நெய் தொந்தரவு தராது. பால் புரத ஒவ்வாமை இருப்பவர்கள் மட்டும் நெய்யையும் தவிர்க்க வேண்டும், அதில் புரதம் துளி ஒட்டியிருக்கலாம்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா மாதிரி வீட்டுல ஏன் வரமாட்டேங்கு?"

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் இருப்பது பாலும் சர்க்கரையும்தான். வீட்டில் வராததற்குக் காரணம் பாத்திரமும் பொறுமையும். பாலில் 87 சதவீதம் தண்ணீர். அது போக வேண்டும் என்றால் அகலமான இரும்புச் சட்டியில் நல்ல தீயில், அடியைச் சுரண்டிக்கொண்டே கிண்ட வேண்டும். குறுகின குக்கரில் வைத்தால் நாள் முழுக்க ஆகும், பாலும் அடிபிடிக்கும். ஒரு லிட்டர் கொழுப்புள்ள பாலில் சர்க்கரை சேர்க்கும் முன் ஏறக்குறைய 200 கிராம்தான் மிஞ்சும். சர்க்கரையைப் பால் பாதிக்கு மேல் சுண்டின பிறகு போடுங்கள், கடைசிக் கட்டத்தில் தீயைக் குறையுங்கள். சோளமாவு சேர்த்துக் கட்டியாக்குவது பால்கோவா இல்லை.

"கருப்பட்டிக் காபியில பாலு ஊத்துனா திரியுது. இஞ்சி டீயும் அப்படித்தான். ஒரே காரணமா?"

இல்லை, இரண்டும் வேறு. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் லேசான புளிப்பும் தாது உப்புகளும் உண்டு. சூட்டோடு சேர்ந்தால் பால் திரிய அது போதும். கட்டிக்குக் கட்டி இது மாறும், அதனால் ஒருநாள் நன்றாக வந்து மறுநாள் திரியும். உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும் முதலில் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க வைத்து, வடிகட்டி, மண்ணும் சுண்ணாம்பும் தங்கவிட்டு, அடுப்பில் இருந்து இறக்கின பிறகு தனியாகக் காய்ச்சின பாலைச் சேருங்கள். சேர்த்த பிறகு மறுபடி கொதிக்க விடாதீர்கள். வெல்லப் பாயசத்துக்கும் இதே முறைதான். தேங்காய்ப்பால் ஊற்றினால் இந்தத் தொல்லையே இல்லை, நம்ம பக்கத்துப் பாசிப்பருப்புப் பாயசம் அப்படித்தானே.

இஞ்சியில் இருப்பது புளிப்பு இல்லை, புரதத்தை வெட்டுகிற ஒரு நொதி. பச்சை இஞ்சியைத் தட்டிப் பாலில் போட்டால் அது கேசினைத் துண்டாக்கித் திரிய வைக்கும். இஞ்சியைத் தேயிலையோடு தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வைத்தால் நொதி செயலிழந்துவிடும், அப்புறம் பாலை ஊற்றலாம். சுக்கு என்றால் பயமே இல்லை.

"ஆடை சேத்து வச்சு வெண்ணெய் எடுக்கேன். உருக்குனா நெய்யில ஒரு வாடை வருதே?"

ஆடையைப் பல நாள் ஃபிரிட்ஜில் சும்மா வைத்தால் கசப்பு ஏறும். முதல் நாள் ஆடையிலேயே ஒரு கரண்டி தயிர் கலந்து, அதன் மேல் சேர்த்துக்கொண்டே போங்கள். ஒரு வாரத்துக்கு மேல் சேர்க்கிறீர்கள் என்றால் ஃபிரீசரில் வையுங்கள். கடைகிற அன்றைக்கு வெளியே எடுத்து, குளிர் விட்டு லேசாகப் புளிக்க விட்டு, குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் கடையுங்கள். வெண்ணெய் திரண்டதும் தண்ணீர் தெளிவாக வரும் வரை கழுவ வேண்டும். வெண்ணெயில் மோர் மிச்சம் இருந்தால்தான் அந்த வாடை. எடுத்த அன்றைக்கே உருக்குங்கள்.

அடி கனத்த பாத்திரம், சிறு தீ. சடசடவென்று பொரிகிற சத்தம் தண்ணீர் போகிற சத்தம். அது அடங்கி, அடியில் கசடு பொன்னிறமாகி, மணம் வந்ததும் முருங்கை இலையைக் கிள்ளிப் போட்டு இறக்கிவிடலாம். கடை வெண்ணெயில் 80 சதவீதம் கொழுப்பு, ஆகவே ஒரு கிலோவுக்கு 800 கிராம் நெய் கிடைக்கும். வீட்டு வெண்ணெயில் தண்ணீர் கூடுதல், அதனால் நெய் குறையும். ஒருவேளை உங்கள் பாலில் ஆடையே சரியாகக் கட்டவில்லை என்றால் பாக்கெட்டில் 'ஹோமோஜினைஸ்டு' என்று இருக்கிறதா பாருங்கள். கொழுப்பை உடைத்துப் பரப்பிவிட்ட பால் அது, எவ்வளவு காய்ச்சினாலும் கனமான ஆடை வராது.

"நெய்யி மணல் மணலா உறைஞ்சா கலப்படமா?"

இல்லை. நெய்யில் பல வகைக் கொழுப்பு இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் உறையும். மெதுவாக ஆறின நெய் மணலாக நிற்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் வழுவழுப்பாக உறையும். நெய்யை வெளியிலேயே வையுங்கள், தண்ணீர் இல்லாததால் கெடாது. ஈரக் கரண்டி மட்டும் போடக் கூடாது.

"மீன் குழம்பு சாப்பிட்டுட்டு மோரு குடிச்சா தேமல் விழும், வெண்குஷ்டம் வரும்னு அத்தை சொல்லுதாங்களே?"

வராது. தோல் வெள்ளையாகிற வெண்புள்ளி, உடம்பின் எதிர்ப்பு சக்தியே தோலுக்கு நிறம் தரும் செல்களை அழிப்பதால் வருவது. தேமல் ஒரு பூஞ்சை. இரண்டுக்கும் சாப்பாட்டுச் சேர்க்கைக்கும் சம்பந்தம் இல்லை. வங்காளத்தில் தயிர் ஊற்றியே மீன் சமைக்கிறார்கள். வெண்புள்ளி தொற்றும் இல்லை, தொழுநோயும் இல்லை. இந்தப் பேச்சால் கல்யாணம் தள்ளிப்போன பெண்பிள்ளைகளை எனக்குத் தெரியும், அதனால் அழுத்திச் சொல்கிறேன். அத்தைக்குப் பிடிக்கவில்லை என்றால் அவங்க தனியாகச் சாப்பிடட்டும், பயம் மட்டும் வேண்டாம்.

"ராத்திரி தயிர் சாப்பிட்டா சளி பிடிக்குமா?"

சளி வைரஸால் வருவது. பால் குடித்ததும் தொண்டையில் பசை மாதிரி இருப்பது உமிழ்நீரோடு பால் கலப்பதால், சளி கூடுவதால் இல்லை. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த குளிரோடு சாப்பிடாமல் இருந்தால் போதும்.

"பாலு குடிச்சா வயிறு உப்பிக்கிடுது, தயிரு ஒண்ணும் செய்யல. அது எப்படி?"

பால் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்க வைக்கும் நொதி நம்மில் பலருக்கு வளர வளரக் குறைந்துவிடும். செரிக்காத சர்க்கரை குடலில் புளித்து வாயு ஆகிறது. தயிர் உறையும்போது அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கைக் கிருமிகளே தின்றுவிடுகின்றன, மிச்சத்தைச் செரிக்கவும் உதவுகின்றன. இவர்களுக்கு மோர்தான் பால். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலில் கொடுக்கிற நீர்மோர் போல இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்டுக் குடியுங்கள். ஆனால் பால் பட்டதும் உடம்பு தடித்து, மூச்சு முட்டுகிறது என்றால் அது ஒவ்வாமை. தயிரும் ஆகாது, டாக்டரைப் பார்க்க வேண்டும்.

"பிள்ளைக்கு ஒம்பது மாசம். பசும்பாலைத் தண்ணி கலந்து குடுக்கலாமா?"

ஒரு வயது ஆகும் முன் பசும்பாலை முக்கிய உணவாகக் கொடுக்கக் கூடாது. அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு, புரதமும் உப்பும் குழந்தையின் சிறுநீரகம் தாங்குவதைவிடக் கூடுதல், சில பிள்ளைகளுக்குக் குடலில் நுண்ணிய ரத்தக்கசிவும் வரும். தண்ணீர் கலந்தால் இருக்கிற சத்தும் குறைகிறதே தவிர இவை தீராது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு தாய்ப்பாலோடு குழைத்த சோறு, பருப்பு, காய், முட்டை. சோற்றில் கொஞ்சம் தயிரோ நெய்யோ சேர்க்கலாம். தாய்ப்பால் இல்லை என்றால் குழந்தை டாக்டர் சொல்கிற மாவுப்பால்தான்.

"ஏ2 பாலுன்னு லிட்டரு நூறு ரூவாய்க்கு மேல விக்காங்க. வாங்கலாமா?"

கேசினில் ஒரு வகை பீட்டா கேசின். அதில் ஏ1, ஏ2 இரண்டுக்கும் வித்தியாசம் 67ஆவது இடத்தில் உள்ள ஒரே ஒரு அமினோ அமிலம். நாட்டு மாடுகளிலும் எருமையிலும் பெரும்பாலும் ஏ2. ஜெர்சி கலப்பில் இரண்டும் இருக்கும். ஏ1 பால் நோய் தருகிறது என்பது நிரூபணம் ஆகவில்லை, 2009ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பும் அலசிப் பார்த்து அப்படித்தான் சொன்னது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்டில் இந்த ஏ1, ஏ2 பெயர்களை அட்டையில் இருந்து எடுக்கச் சொல்லி, சில நாளில் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. நாட்டு மாடு வளர்க்கிறவருக்குக் கைகொடுக்க விரும்பினால் மனதார வாங்குங்கள். நோய்க்கு மருந்து என்று நினைத்துக் கடன் வாங்கி வாங்க வேண்டாம். விலை பொறுக்கவில்லை என்றால் எருமைப்பாலும் ஏ2தான்.

"மாத்திரையைப் பாலுல முழுங்கலாமா?"

எல்லா மாத்திரையையும் முடியாது. இரும்புச்சத்து மாத்திரை, தைராய்டு மாத்திரை, டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவற்றைப் பாலின் சுண்ணாம்புச் சத்து பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பில் சேராது. தண்ணீரில் விழுங்குங்கள். பால் எவ்வளவு நேரம் கழித்து என்று மருந்துக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"மாடு கன்னு போட்டிருக்கு. சீம்பாலை விக்கலாமா, கன்னுக்குத்தான் குடுக்கணுமா?"

முதலில் கன்றுக்கு. கன்று பிறக்கும்போது அதன் ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் பொருள் கிட்டத்தட்ட இல்லை, சீம்பாலில் இருந்துதான் வர வேண்டும். அதைக் குடல் உறிஞ்சுவது முதல் நாளோடு முடிந்துவிடும். பிறந்த சில மணி நேரத்துக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குடிக்க விடுங்கள். அது போக மிஞ்சினதைத்தான் வீட்டுக்கு எடுக்க வேண்டும். கருப்பட்டி, ஏலக்காய் போட்டு ஆவியில் வைத்தால் உறைமோர் இல்லாமலே கட்டியாகும், அவ்வளவு புரதம் அதில். தயிருக்கும் காபிக்கும் ஆகாது, கொதித்ததும் திரளும்.

"மடிநோய்க்கு ஊசி போட்டிருக்கு. பாலு நல்லாத்தான் வருது, ஊத்தலாமா?"

ஊற்றக் கூடாது, வீட்டிலும் குடிக்கக் கூடாது. ஆன்டிபயாடிக் பாலில் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. சிலருக்கு ஒவ்வாமை வரும், கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். ஒரு வீட்டுப் பால் இப்படிச் சேர்ந்தால் சங்கத்தின் மொத்தக் கேனும் கெடும். உறைமோரும் சூடும் சரியாக இருந்தும் தயிர் உறையவே இல்லை என்று சிலர் வருவார்கள். பாலில் மருந்து இருந்து உறைக் கிருமியைக் கொன்றிருக்குமோ என்று நான் முதலில் கேட்பது அதனால்தான்.

எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும், பாட்டிலில் அச்சடித்திருக்கும். ஊசி போடும்போதே கால்நடை மருத்துவரிடம் கேட்டு, தேதியைத் தொழுவச் சுவரில் எழுதி வையுங்கள். மடியில் வலி இல்லாமல் இருக்க அந்த நாட்களிலும் கறந்துதான் ஆக வேண்டும். கறந்ததைக் கன்றுக்கும் காட்டாமல் குழியில் கொட்டிவிடுங்கள்.